ஸ்கீமேட்டிக்கில் நெட்டைப் பிடித்துப் போவது எப்படி?

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், சால்டரிங்கும் ஓரளவு வரும். ஆனால் ஸ்கீமேட்டிக், அதாவது மின்சுற்று வரைபடக் கோப்பைத் திறந்ததும் கை நின்றுவிடுகிறது. நெட், லேபிள், ஷீட், ஃபுட்பிரின்ட், இஆர்சி என்று மெனு முழுக்கப் புதுச் சொற்கள். இதில் நெட் என்ற ஒரு சொல்லைப் பிடித்துவிட்டால் மற்றவை தானாகவே பின்னால் வரும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது கீகேட். ஜான்-பியேர் ஷரா 1992-இல் தொடங்கிய, மின்சுற்றும் போர்டும் வரைவதற்கான இலவச மென்பொருள். உங்களிடம் வேறு மென்பொருள் இருந்தாலும் பரவாயில்லை, சொற்கள் ஏறக்குறைய இவைதான். பழக ஒரு சின்ன போர்டை வைத்துக்கொள்வோம். 5 வோல்ட் உள்ளே வருகிறது; ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டர் அதை 3.3 வோல்ட்டாக்கி மைக்ரோகன்ட்ரோலருக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. போர்டு செத்துக் கிடக்கிறது.

படி 1: முதலில் வலது கீழ் மூலை

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஷீட் என்று பெயர். அதன் வலது கீழ் மூலையில் இருக்கும் கட்டம் டைட்டில் பிளாக். அதில் ரிவிஷன் (எத்தனையாவது பதிப்பு) என்று ஓர் எண்ணோ எழுத்தோ இருக்கும். போர்டின் மேல் அச்சாகியிருக்கும் ரிவிஷனும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். நான் ஒருமுறை இதைப் பார்க்காமல், பழைய ரிவிஷன் படத்தை வைத்துக்கொண்டு போர்டிலேயே இல்லாத ஒரு ரெசிஸ்டரை ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன்.

படி 2: உதிரிபாகத்தின் பெயர்

படத்தில் தெரியும் உருவம் சிம்பல். பக்கத்தில் ஆர்5, சி3, யூ2 என்று இருப்பது ரெஃபரன்ஸ் டெசிக்னேட்டர். போர்டிலும் பெரும்பாலும் இதே பெயர்தான் அச்சாகியிருக்கும். ஆர் என்றால் ரெசிஸ்டர், சி கெப்பாசிட்டர், எல் காயில், டி டயோடு, க்யூ டிரான்சிஸ்டர், யூ ஐசி, ஜே கனெக்டர், எஃப்பி ஃபெரைட் பீட் (மின் இரைச்சலைத் தடுக்கும் சின்னப் பாகம்), டிபி டெஸ்ட் பாயின்ட். கீழே இருப்பது வேல்யூ. 4கே7 என்றால் 4.7 கிலோஓம்; புள்ளி அச்சில் அழிந்துபோகும் என்பதால் அந்த இடத்தில் எழுத்தைப் போடுகிறார்கள். டிஎன்பி என்று குறித்திருந்தால் அந்த இடம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டது. ‘பாகம் விழுந்துவிட்டதோ’ என்று பதற வேண்டாம்.

ஃபுட்பிரின்ட் என்பது அந்தப் பாகம் போர்டில் உட்காரும் செம்புத் தடம். சிம்பலில் கால்கள் வரிசையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வரைபவருக்கு வசதியான இடத்தில் இருக்கும். போர்டில் எண்ண வேண்டியது கால் எண்ணைத்தான். ஏஎம்எஸ்1117-இல் 1 கிரவுண்ட், 2 அவுட்புட், 3 இன்புட். மேலே இருக்கும் அகலமான தகடும் அவுட்புட்தான். பலர் அதைக் கிரவுண்ட் என்று நினைத்து மீட்டரின் கறுப்பு முனையை அங்கே வைத்துவிடுகிறார்கள்.

படி 3: நெட்

மின்சாரப்படி ஒன்றாக இணைந்திருக்கும் எல்லாக் கால்களின் கூட்டம் ஒரு நெட். படத்தில் நமக்குத் தெரியும் கோடு வயர். மென்பொருள் கணக்கில் வைத்திருப்பது நெட்டை. இரண்டும் ஒன்று என்று எண்ணுவதில்தான் முக்கால்வாசிக் குழப்பம் வருகிறது.

இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் போகின்றன. வெட்டும் இடத்தில் புள்ளி இருந்தால் அது ஜங்ஷன், இரண்டும் ஒரே நெட். புள்ளி இல்லையென்றால் ஒன்றுக்கொன்று உறவே இல்லை.

இதற்கு நேர்மாறும் உண்டு. ஒரு மூலையில் ஒரு கோட்டின் மேல் ‘எஸ்டிஏ’ என்று லேபிள். இன்னொரு மூலையில் இன்னொரு கோட்டின் மேல் அதே லேபிள். நடுவில் கோடே இல்லை. இருந்தும் இரண்டும் ஒரே நெட்தான். சாதாரண லேபிள் அந்த ஷீட்டுக்குள் மட்டும் செல்லும். குளோபல் லேபிள் எல்லா ஷீட்டுக்கும் செல்லும். கிரவுண்ட், 3.3 வோல்ட் போன்ற பவர் சிம்பல்களும் குளோபல்தான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் கீகேட்டுக்கு அவை வேறு வேறு நெட்.

பெயரே வைக்காத நெட்டுக்கு மென்பொருள் தானாக ஒரு பெயர் சூட்டும். அதில் ஏதாவதொரு பாகத்தின் பெயரும் காலும் ஒட்டியிருக்கும். இப்படிப்பட்ட நீளமான பெயரைக் கண்டால் மிரள வேண்டாம்.

இப்போது ஏதாவது ஒரு வயர் மேல் மவுஸை வைத்து, எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் பேக்டிக் விசையை அழுத்துங்கள். அந்த நெட் முழுதும் நிறம் மாறி நிற்கும். இதற்கு ஹைலைட் என்று பெயர். நாள் முழுக்க நான் அதிகம் பயன்படுத்துவது இந்த ஒரு விசையைத்தான்.

படி 4: படத்திலிருந்து போர்டுக்கு

ஸ்கீமேட்டிக்கையும் போர்டு லேஅவுட்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். இங்கே நம் ரெகுலேட்டரான யூ2-ஐச் சொடுக்கினால் அங்கே அதே பாகம் தேர்வாகும். இதுதான் கிராஸ் புரோபிங். அங்கே பேட் என்பது கால் ஒட்டும் இடம், வயா என்பது ஒரு அடுக்கிலிருந்து இன்னொரு அடுக்குக்குச் செம்பு இறங்கும் துளை. மீட்டர் முனை வைக்க டெஸ்ட் பாயின்ட் கிடைக்காதபோது வயாவும் கைகொடுக்கும், மேலே பச்சைப் பூச்சு மூடியிருக்கவில்லை என்றால்.

படி 5: இஆர்சி

எலக்ட்ரிக்கல் ரூல் செக் என்பதன் சுருக்கம். படத்தில் உள்ள விதி மீறல்களைச் சொல்லும். போர்டில் எது எரிந்தது என்று அதற்குத் தெரியாது. பவர் இன்புட் காலை எதுவும் டிரைவ் செய்யவில்லை, அதாவது அதற்கு மின்சாரம் தரவில்லை என்று அடிக்கடி திட்டும். கனெக்டர் வழியாக மின்சாரம் வருவதை அது உணராது, அவ்வளவுதான். பவர் ஃபிளாக் என்ற சிம்பலை அந்த நெட்டில் வைத்தால் அடங்கிவிடும். பழுது பார்க்க வந்தவருக்கு இஆர்சியில் பெரிய வேலை இல்லை.

படி 6: இனி பழுது

மைக்ரோகன்ட்ரோலரின் பவர் காலில் இருக்கும் 3.3 வோல்ட் நெட்டை ஹைலைட் செய்யுங்கள். ஒரு நெட்டுக்கு மின்சாரம் தருவது டிரைவர், வாங்கிக்கொள்வது லோடு. எனவே டிரைவரைத் தேடிப் பின்னோக்கிப் போக வேண்டும்.

முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அந்த நெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட். அது வேறு வேட்டை. இங்கே ஷார்ட் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் கொடுத்து யூ2-இன் 3-ஆம் காலை அளந்தால் 5 வோல்ட் இருக்கிறது. 2-ஆம் காலில் 3.3 வோல்ட்டும் இருக்கிறது! ரெகுலேட்டர் நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் மைக்ரோகன்ட்ரோலருக்கு வந்து சேரவில்லை.

மறுபடி திரைக்கு வாருங்கள். ஹைலைட் ஆன நெட் யூ2 வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை, எஃப்பி1 என்ற ஃபெரைட் பீட் வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் வேறு நெட், யூ2-இன் காலை வைத்து மென்பொருள் தானாகச் சூட்டிய நீளப் பெயர் அதற்கு. கண்ணுக்கு நேர்க்கோடாகத் தெரிந்த ஒன்றில் இரண்டு நெட், நடுவில் ஒரு பாகம்.

எஃப்பி1-ஐச் சொடுக்கி போர்டில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து இரண்டு முனையையும் தொடுங்கள். நல்ல பீட் என்றால் பீப் வர வேண்டும். வரவில்லை. கழற்றி, வேல்யூவில் எழுதியிருக்கும் அதே அளவில் இன்னொன்றை வைத்து ஒட்டுங்கள்.