பாட்டில் எங்கிருந்து வந்தது?

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு காலி மது பாட்டிலும் நான்கு காகித டம்ளர்களும் கிடந்தன. ஒரு டம்ளரில் பேனாவால் பெயர் வேறு எழுதியிருந்தது. பத்தாம் வகுப்புப் பையன். அன்று மாலையே பிள்ளைகளை உட்கார வைத்து அரை மணி நேரம் புத்தி சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரமும் டம்ளர் கிடந்தது, பெயர் மட்டும் இல்லை.

ஆகவே, நான் செய்ததுபோல் பிள்ளைகளிடம் தொடங்காதீர்கள். பாட்டில் எந்த வழியாக வந்தது என்று முதலில் பாருங்கள். வீட்டு அலமாரி, வாங்கிக் கொடுக்கிற அண்ணன்மார், வயது கேட்காத கடை. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அலமாரியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. என் வீட்டுக்காரர் பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்தேன். அளவு குறையவே இல்லை, நிறம்தான் நாளுக்கு நாள் வெளுத்தது. மகன் தண்ணீர் ஊற்றி ஈடுகட்டியிருக்கிறான்! கோடெல்லாம் வேண்டாம், பூட்டுங்கள்.

அடுத்தது பெற்றோர் கூட்டம். எந்தப் பிள்ளையின் பெயரையும் எடுக்காதீர்கள். எடுத்தால் அந்த வீட்டார் அடுத்த முறை வரமாட்டார்கள். ஒரே தாளில் நான்கைந்து வரி போதும்: அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு யாரும் ஊற்றிக் கொடுப்பதில்லை, பிள்ளைகள் கூடும் வீட்டில் பெரியவர் ஒருவர் இருப்பார், இரவு இத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், சந்தேகம் வந்தால் ஒருவருக்கொருவர் போன் செய்வோம். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். "அவங்க வீட்ல விடுறாங்களே" என்ற பேச்சு அதோடு அடங்கிவிடும்.

ஐஸ்லாந்தில் இப்படித்தான் பெற்றோர்கள் ஒப்பந்தம் போட்டார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் வெளியே சுற்றக் கூடாது என்று சட்டமும் வந்தது. விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் ஒதுக்கியது. முந்தைய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்ததாகச் சொன்ன 15, 16 வயதினர் 1998இல் 42 சதவீதம். 2016இல் 5 சதவீதம்.

கூட்டத்தில் ஒருவராவது, "வீட்டிலேயே ஒரு வாய் கொடுத்துப் பழக்கிவிட்டால் வெளியே போய்க் கெடமாட்டான்" என்பார். ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018இல் வெளியானது. பெற்றோர் கொடுத்ததால் பாதுகாப்பு கிடைத்ததாக அதில் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகள் வெளியிலும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்புதான் கூடியது. இதைச் சண்டைக்குப் போகாமல் சொல்லுங்கள்.

கடைக்கு நான் தனியாகப் போய்ச் சத்தம் போட்டு, சிரிப்பை வாங்கிக்கொண்டு திரும்பினேன். கூட்டமில்லாத நேரத்தில் மூன்று பேராகப் போங்கள். கல்லாவில் நிற்பவரோடு விடாமல் உரிமையாளரையும் பார்த்து, வயதுச் சான்று கேட்டுத்தான் விற்க வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் விற்றால், தேதி நேரத்தோடு எழுத்தில் புகார் கொடுங்கள்.

மாடியைப் பூட்டிப் பார்த்தோம். பையன்கள் பாதியில் நிற்கும் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். அது இன்னும் ஆபத்து. அப்புறம் பூட்டைத் திறந்து, நல்ல விளக்குப் போட்டு, பழைய டேபிள் டென்னிஸ் மேசை ஒன்றை ஏற்றினோம். இரவு ஒன்பது வரை பந்துச் சத்தம் கேட்கும். எரிச்சல்தான், இருக்கட்டும்.

பிள்ளைகளிடம் பேசும்போது இதை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்: கூட்டாளி குடித்துவிட்டு மயங்கினால் எந்தப் பெரியவரையும் கூப்பிடலாம், அன்றிரவு யாரும் திட்டமாட்டோம். மயங்கியவனைத் தூங்கட்டும் என்று தனியே விடக் கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் போகாமல் இருக்க ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காபியும் குளிர்ந்த நீரும் போதையை இறக்காது. எழுப்பியும் எழவில்லை, அல்லது மூச்சுக்கு மூச்சு பத்து விநாடி இடைவெளி விழுகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸ்.

கையெழுத்துத் தாளை ஆண்டுக்கொரு முறை புதுப்பியுங்கள். புதிதாகக் குடிவருபவர்கள் இருப்பார்கள். எங்கள் தாளில் இந்த ஆண்டு இரண்டு வீடு பாக்கி. ஒரு வீட்டில் கதவைத் தட்டினால் டிவி சத்தம்தான் கூடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி தட்டப் போகிறேன்.