கூட்டறிக்கையைப் படிப்பது எப்படி? ஜப்பானை வைத்துப் பழகலாம்

டெல்லி ராஜிந்தர் நகர் அறைகளில் யு.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர், இரு நாட்டு உறவு என்றதும் கோச்சிங் சென்டர் நோட்ஸை உருப்போட்டு முடித்துவிடுகிறார்கள். அது போதாது. இரு நாட்டுத் தலைவர்கள் சந்தித்த பிறகு சேர்ந்து வெளியிடும் கூட்டறிக்கைகள் வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் முழுசாகவே கிடைக்கின்றன. ஒரே ஒரு நாட்டை எடுத்து, பழையதிலிருந்து வரிசையாகப் படியுங்கள்.

முதல் பத்தியில் ஜனநாயகம், பொதுவான விழுமியங்கள், சில சமயம் புத்தரும் வருவார். கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப் போகலாம்.

அடுத்து, ஒவ்வொரு விஷயமும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள், பேச்சா, புரிந்துணர்வா, கையெழுத்தா, நடைமுறையா என்று. இந்தியா-ஜப்பான் அணுசக்தி ஒப்பந்தத்தையே பாருங்கள்: 2010-ல் பேச்சு தொடங்கி, 2015 டிசம்பரில் அப்போதைய ஜப்பான் பிரதமர் அபே டெல்லி வந்தபோது வெறும் புரிந்துணர்வுக் குறிப்பாக நின்று, 2016 நவம்பரில் டோக்கியோவில் கையெழுத்தாகி, ஜப்பான் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த பிறகு 2017 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. இத்தனைக்குப் பிறகும் ஜப்பான் கட்டிய உலை ஒன்றுகூட இங்கே இல்லை! நீரிலும் இறங்கக்கூடிய ஜப்பானின் யூஎஸ்-2 கடல் விமானத்தின் கதை இன்னும் மோசம், 2013 கூட்டறிக்கையிலேயே அதற்கென ஒரு பணிக்குழு அறிவித்தார்கள், விமானம் வாங்கப்படவே இல்லை. அதனால் ஓர் அறிக்கையை மட்டும் படித்துவிட்டுப் பதில் எழுதாதீர்கள்.

அப்புறம் பணம் எங்கே என்று தேடுங்கள். ஜப்பான் தன் யென் கடனை முதன்முதலில் 1958-ல் கொடுத்ததே இந்தியாவுக்குத்தான். கரோல் பாக்கிலிருந்து நீங்கள் ஏறும் மெட்ரோவிலும், சென்னை மெட்ரோவிலும் அந்த நாட்டுக் கடன் இருக்கிறது. என் கணக்கில் பத்து உச்சி மாநாட்டுப் புகைப்படங்களைவிட இதுதான் உறவு.

கடைசியாக, போர் வந்தால் யார் யாருக்கு என்ன செய்தாக வேண்டும் என்று பாருங்கள். 1960-ல் கையெழுத்தான அமெரிக்க-ஜப்பான் ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவில், ஜப்பானின் ஆளுகைக்கு உட்பட்ட இடத்தில் தாக்குதல் நடந்தால் இரு நாடுகளும் செயல்படும் என்ற கடமை இருக்கிறது. இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் அப்படி எதுவும் கிடையாது. 2020-ல் போட்டது படைகளுக்குள் எரிபொருள், உணவு, பழுதுபார்ப்பு போன்றவற்றைக் கொடுத்து வாங்கும் ஏற்பாடு, அவ்வளவுதான். தேர்வில் இதை ராணுவக் கூட்டணி என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

ஜப்பான் முடிந்ததும் ஆஸ்திரேலியாவுக்கு வாருங்கள், 2022 வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து தொடங்கினால் சுலபம்.