ஊரில் அப்பாவின் பழைய கணினி: யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

லீவில் யாழ்ப்பாணம் போய் இறங்கினால் இரண்டாம் மூன்றாம் நாளே வீட்டில் கேட்பார்கள், "தம்பி, உந்தக் கொம்ப்யூட்டரை ஒருக்காப் பார், ஒண்டும் வேலை செய்யுதில்லை" என்று. அதற்கு முன்பே யாராவது ஒரு பெடியன் பார்த்துவிட்டு ஃபோர்மற் பண்ணவேண்டும், அதாவது டிஸ்கை முழுக்க அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றவேண்டும், என்று சொல்லியிருப்பான். பண்ண விடாதீர்கள். கோயில் கணக்கு, கல்யாணப் படங்கள், அப்பா இருந்திருந்து தட்டிவைத்த பரம்பரை விவரம் எல்லாம் வேறு பிரதி இல்லாமல் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கும். பழுதோ பெரும்பாலும் அதைவிடச் சின்னதாக இருக்கும்.

முதலில் மின்சாரம். கரண்ட் போனால் கொஞ்சநேரம் கணினியைத் தாங்கும் யூ.பி.எஸ்.ஸைக் கழற்றிவிட்டு நேரே சுவர் பிளக்கில் கொடுத்துப் பாருங்கள். யூ.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் பற்றரி சில வருடங்களில் செத்துவிடும், அதன்பின் சில யூ.பி.எஸ்.கள் கரண்டே கொடுக்காது, வீட்டில் கணினிதான் போய்விட்டது என்று நினைத்துத் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். கனடாவிலிருந்து யாரோ கொண்டுபோய்க் கொடுத்த பெட்டி என்றால் செருகுவதற்கு முன் இன்னொன்றையும் கவனியுங்கள். பின்பக்கத்தில் வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கலாம். அதில் 115 என்று தெரிந்தால் 230க்குத் தள்ளிவிட்டுத்தான் செருகவேண்டும், இல்லாவிட்டால் இலங்கையின் 230 வோல்ட் ஏறியதும் டப் என்று வெடித்து பவர் சப்ளை முடிந்துவிடும். சுவிட்சே இல்லை, லேபிளில் 100-240 என்று இருக்கிறதென்றால் பயமில்லை.

விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு, கூடவே பீப் சத்தம் என்றால் ரேமை, அதாவது மதர்போர்டில் (உள்ளே இருக்கும் பெரிய பலகையில்) செருகியிருக்கும் நினைவகப் பட்டையை, சந்தேகியுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்து, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ரேமைச் சுடாமல் இருக்கப் பெட்டியின் தகரத்தைத் தொட்டுக்கொண்டு, ரேமை எடுத்து அதன் தங்கநிற விளிம்பைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்ப இறுக்கிச் செருகினால் பல நேரம் எழும்பிவிடும். கடற்காற்றும் புழுதியும் அந்த விளிம்பில்தான் படியும். பல்லி முட்டை, எறும்புக் கூடு இருந்தாலும் ஆச்சரியப்படவேண்டாம், தூரிகையால் தட்டிவிடுங்கள்.

சரி, எழும்பிவிட்டது, ஆனால் இன்டர்நெட் வேலை செய்யவில்லை, எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கை வருகிறது. ரவுட்டரைக் குறை சொல்வதற்கு முன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். 2009 ஜனவரி என்று இருந்தால் விஷயம் அங்கேதான். மதர்போர்டில் ஒரு ரூபாய்க் குற்றி மாதிரிப் பற்றரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். அது இறங்கிவிட்டால் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் கணினி தேதியை மறந்துவிடும். தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உண்டு, கணினி 2009இல் நிற்கிறதென்றால் எந்தச் சான்றிதழும் அதன் கணக்கில் இன்னும் தொடங்கியே இருக்காது. பற்றரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும். ஆனால் பற்றரி போனதோடு பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரல்) அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கும். அதனால் விண்டோஸ் நீலத்திரையில் விழுந்தால் பயாஸுக்குள் போய் சாட்டா முறையை, அதாவது ஹாட் டிஸ்கோடு கணினி பேசும் விதத்தை, மாற்றிப் பாருங்கள், ஐடிஈ என்று இருந்தால் ஏஎச்சிஐ, ஏஎச்சிஐ என்று இருந்தால் ஐடிஈ. இந்த நீலத்திரையைப் பார்த்துத்தான் பலர் ஃபோர்மற் பக்கம் போகிறார்கள்.

தேதி சரியாக இருந்தும் வலை இல்லையா? கணினியின் ஐபி முகவரி (வலையில் அதன் அடையாள எண்) 169.254 என்று தொடங்கினால் அது ரவுட்டரோடு பேசவே இல்லை. வயர் செருகும் துளையில் விளக்கு எரிகிறதா பாருங்கள். ஐப்பசி கார்த்திகை இடிமின்னல் டெலிபோன் வயர் வழியாக வந்து ரவுட்டரையும், அங்கிருந்து கணினியின் நெட்வொர்க் துளையையும் மட்டும் சுட்டுவிட்டுப் போவதுண்டு, மற்றதெல்லாம் நன்றாக வேலை செய்யும். அதற்கு யூ.எஸ்.பி.யில் செருகும் நெட்வொர்க் அடாப்டர் ஒன்று போதும், போகும்போதே பயணப்பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள். வைஃபை டாங்கிள் (யூ.எஸ்.பி.யில் செருகும் சின்ன வைஃபை கருவி) கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று: வட அமெரிக்காவில் வாங்கியது 2.4 கிகாஹெர்ட்ஸில் 11ஆம் சானல்வரைதான் பார்க்கும். ஊர் ரவுட்டர் 12இலோ 13இலோ நின்றால் அதன் பெயரே பட்டியலில் வராது. ரவுட்டரை 6க்கு மாற்றிவிடுங்கள்.

ஹாட் டிஸ்க் டிக் டிக் என்று அடித்தால் மட்டும் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணவேண்டாம். உடனே நிறுத்தி, கழற்றி, யூ.எஸ்.பி. வயரில் உங்கள் லேப்டாப்போடு இணைத்துப் படங்களை முதலில் எடுங்கள். அப்படி எடுக்கும்போது எழுத்துரு ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள், இது முக்கியம். எங்கள் ஊரில் பழைய ஆவணங்கள் ஏராளம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அப்பாவின் எழுத்து ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும், வீட்டில் அழிந்துபோய்விட்டதென்று நினைத்து அழித்தும் விடுவார்கள். ஒரு பிரதியைப் பாமினியிலேயே வைத்துக்கொண்டு இன்னொன்றை, இன்றைய கணினிகளில் தனி எழுத்துரு இல்லாமலே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவையுங்கள்.

அப்புறம், விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது, 10க்கும் 2025 அக்டோபரில். எல்லாம் பிரதியெடுத்த பிறகு ஒரு எஸ்எஸ்டி (ஹாட் டிஸ்குக்குப் பதிலான வேகமான டிஸ்க்) போட்டு, விண்டோஸுக்குப் பதிலான இலவச லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுத்தால் பழைய விண்டோஸைத் தேடுகிற அம்மாவுக்கு இரண்டு நாள் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகிவிடுவார். இந்த வேலையைப் பயணத்தின் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள், ஏதாவது சாமான் தேவைப்பட்டால் டவுனுக்குப் போய் வாங்கவும், மாட்டியபின் சில நாள் ஓடவிட்டுப் பார்க்கவும் நேரம் இருக்கும். இடி முழங்கினால் கரண்ட் பிளக்கோடு டெலிபோன் வயரையும் கழற்றவேண்டும் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.