ஊருக்குப் போகும்போது கேமராவையும் ஒரு கை பாருங்கள்

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களின் பட்டியலில் குலதெய்வம், பட்டா, பல் டாக்டர் எல்லாம் இருக்கும். வீட்டுக் கேமரா இருக்காது. சிங்கப்பூர் திரும்பிய பிறகுதான் அதன் நினைவு வரும்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஓட்டு வீடு. வாசலில் ஒன்று, கொல்லையில் ஒன்று என்று இரண்டு வைஃபை கேமரா மாட்டினேன். கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி படம். இங்கே வந்து திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “அம்மா, ரௌட்டரை ஒருதரம் அணைச்சுப் போடேன்” என்றேன். “பச்சை லைட் எரியுதே, அதுவா தம்பி?” என்று கேட்டுவிட்டு இன்வெர்ட்டரை அணைத்துவிட்டார்.

ஊஞ்சலில் பார்த்ததை நம்பியதுதான் என் தப்பு. போனும் கேமராவும் ஒரே வைஃபையில் இருந்தால், பல கேமராக்களின் படம் வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்துவிடும். வெளியூரிலிருந்து பார்க்கும்போது அது வீட்டு இணைப்பின் அப்லோடு வழியாக வெளியே போக வேண்டும். அதனால் கேமராவை மாட்டியதும் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள். உங்கள் வெளிநாட்டு சிம்மில் ரோமிங் இருந்தால் இன்னும் நல்லது. ரோமிங் டேட்டா பெரும்பாலும் அந்த சிம்மின் நாடு வரை போய்த்தான் திரும்பும். அதனால் நீங்கள் வெளிநாடு திரும்பிய பிறகு பார்க்கப்போவதற்குக் கிட்டத்தட்ட இதுதான் ஒத்திகை. கொஞ்சம் கூடுதலாகவே தாமதம் தெரியும். இரண்டு நிமிஷம் போதும், பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிலும் சுற்றினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சுவரைத்தான். டெல்டாவின் பழைய வீடுகள் முன்னும் பின்னுமாக நீளும்: திண்ணை, நடை, கூடம், முற்றம், அப்புறம் அடுப்படி, கொல்லை. கனத்த செங்கல் சுவர் மூன்று நான்கைத் தாண்டுவதற்குள் சிக்னல் களைத்துவிடும். எங்கள் வீட்டில் ரௌட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள், பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதாம். அதைக் கூடத்துத் தூணில் ஆள் உயரத்துக்கு மேலே மாட்டியதுமே பாதிச் சிக்கல் தீர்ந்தது. பல செயலிகளில் கேமராவின் சிக்னல் எண் தெரியும். மைனஸ் 50, 55 என்றால் கவலையில்லை. மைனஸ் 70க்கும் கீழே, அதாவது மைனஸ் 75, 80 என்று போனால் படம் திணறும். கேமராவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையிலேயே வையுங்கள். வேகம் குறைவுதான், ஆனால் சுவரைத் தாண்டும். ரௌட்டரில் சேனலை, அதாவது சிக்னல் ஓடும் தடத்தை, 1, 6, 11 இவற்றில் நெரிசல் இல்லாத ஒன்றுக்கு மாற்றுங்கள். கொல்லைக் கோடிக்கு ஒரு கேபிளே இழுத்துவிடுவது உத்தமம். சிக்னலை வாங்கி நீட்டித்துத் தரும் எக்ஸ்டெண்டரில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அடுத்தது அப்லோடு. கேபிள்காரர் “நூறு எம்பி” என்பது பெரும்பாலும் டவுன்லோடு கணக்கு. ஸ்பீடு டெஸ்டில் இரண்டாவதாக வரும் அப்லோடு எண்ணைப் பாருங்கள். 1080பி படத்துக்குச் சுமார் 2 எம்பிபிஎஸ் வேண்டும். கேமரா இரண்டு என்றால் 5 எம்பிபிஎஸ்ஸாவது நிலையாக வர வேண்டும். வரவில்லையா? செயலியில் எஸ்டி என்ற குறைந்த தரத்துக்கு இறக்குங்கள், படத்தை இன்னும் சுருக்கி அனுப்பும் எச்.265 இருந்தால் அதைப் போடுங்கள். வாசலில் நிற்பவர் யார் என்று தெரிந்தால் போதாதா?

வயல் மோட்டார் கொட்டகையில் சிம் போட்ட கேமரா வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. 2 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் பார்த்தாலே 900 எம்பி போய்விடும். தினம் 2 ஜிபி பிளான் என்றால், அது தீர்ந்ததும் வேகம் பெரும்பாலும் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழும். சாயங்காலத்தில் மட்டும் படம் வரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். சோலார் பேட்டரி கேமரா விழித்துக்கொள்ளவே சில வினாடி எடுக்கும், அதைப் பழுது என்று நினைக்காதீர்கள்.

ஐப்பசி வாக்கில் போகிறவர்களுக்கு ஒன்று. விளக்கடியில் பச்சைப் பூச்சி மொய்க்கும் காலம் அது. கேமராவின் வெள்ளை விளக்கு எரிந்தால் அங்கேயும் கூடும். ஒவ்வொரு பூச்சிக்கும் ‘அசைவு’ என்று பதிவாகி இணையத்தில் ஏறிக்கொண்டே இருந்தால், நீங்கள் திறக்கும் படம் வரிசையில் நிற்க வேண்டியதுதான். வெள்ளை விளக்கை அணைத்து, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளியில் விடுங்கள். மனிதரை மட்டும் கவனிக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். லென்ஸ் முன்னாலிருக்கும் சிலந்தி வலையையும் துடைத்துவிடுங்கள்.

கரண்ட் போய் வரும் ஊர் என்பதால் ரௌட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தேன். ரௌட்டர் பிளக்கில் சிவப்பு டேப்பும் சுற்றினேன். இப்போது “சிவப்பைப் பிடுங்கிப் போடும்மா” என்றால் போதும், ஃபேன் நிற்பதில்லை.