ஒரே வகுப்பில் பல வீட்டு மொழிகள்: புதிய ஆசிரியருக்கான செய்முறை விளக்கம்

வடசென்னையில் மூன்றாம் வகுப்பை முதன்முறையாக ஏற்கும் ஆசிரியர், காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளையையும், சௌகார்பேட்டையில் வீட்டில் மார்வாடி பேசும் பிள்ளையையும், தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளையையும் ஒரே வகுப்பில் காணக்கூடும். அவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் முறையை மாற்றியமைக்கும் வழி இது.

படி 1: அம்மாவிடம் எந்த மொழியில் பேசுகிறாய், பாட்டியிடம் எந்த மொழியில் பேசுகிறாய் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் உள்ள தாய்மொழிக் கட்டம் மட்டும் போதாது.

படி 2: பிழைகளை எண்ணாமல், அவை எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். 'பழம்' என்பதைப் 'பயம்' என்று எழுதும் பிள்ளை, ழகரம் யகரமாக ஒலிக்கும் தன் தெருப் பேச்சைக் காது கேட்டபடியே எழுதியிருக்கிறது. அந்தப் பேச்சைக் கேலி செய்யாமல், பழத்தின் படத்தையும் பயந்த முகத்தின் படத்தையும் அருகருகே வைத்து, எழுத்து மாறினால் பொருள் மாறுவதைக் காட்டுங்கள்.

இந்தியிலும் தெலுங்கிலும் ககர வரிசையில் நான்கு தனி எழுத்துகள் உண்டு, தமிழில் ஒன்றே. எனவே அவ்வீட்டுப் பிள்ளைகள் மற்ற மூன்றையும் தேடித் திகைப்பார்கள். 'கடல்', 'பக்கம்', 'தங்கம்', 'பகல்' ஆகியவற்றை உரக்க வாசிக்கச் செய்து, சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வலிந்து ஒலிக்கும் ககரம், மெல்லினத்துக்குப் பின்னும் உயிர்களுக்கு இடையிலும் மென்மையாவதைச் செவியால் உணரவிடுங்கள். இந்தப் பயிற்சிக்கு ஒரு வாரம் முழுவதும் செலவிட்டாலும் தகும். அரபு எழுத்து பழகிய பிள்ளை வலமிருந்து வாசிக்கத் தொடங்கினால், விரலை இடப்பக்கம் வைக்கச் சொன்னால் போதும்.

படி 3: தொடக்க வகுப்புப் பிள்ளைகள் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்கத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு (தொடக்கநிலை), மொட்டு (இடைநிலை), மலர் (வகுப்புக்குரிய நிலை) என்னும் நிலைகளை அறிந்திருப்பீர்கள். பாடப் பொருளை ஒன்றாகவே வைத்துப் பணியை மட்டும் மாற்றுங்கள்: அரும்புக்குப் படத்தோடு சொல்லைப் பொருத்துதல், மொட்டுக்கு வாக்கியத்தை நிரப்புதல், மலருக்குச் சொந்தமாக எழுதுதல். வஞ்சிரம், நெத்திலி என்று ஒருமுறை நான் பாடம் நடத்தியபோது, மீன் சமைக்காத வீட்டுப் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் துணிக்கடையைப் பொருளாக்கிய பின்புதான் பேசினார்கள்.

படி 4: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும் ஜூனில் மீனவர் வீட்டில் கையில் காசு இருக்காது. ஆகவே சார்ட், கலர் பென்சில் வாங்கிவரச் சொல்லும் வேலைகளை ஜூலைக்குத் தள்ளுங்கள். விடியலில் மீன் ஏலத்துக்குச் செல்லும் தாய்மாரைக் காலைக் கூட்டத்துக்கு அழைக்காமல், மாலையில் பள்ளி வாசலில் ஐந்து நிமிடம் பேசுங்கள்.