சிப்பி மண் கிணற்று நீரில் அக்குவாபோனிக்ஸ்: தொடக்கத்தில் நடக்கும் தவறுகள்

மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து கல்லாறு வரை, கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல் நிலத்தில் வீடு இருப்பவர்கள் மீன் தொட்டி வாங்கும் முன்பு தங்கள் கேத்தலின் அடியைப் பார்க்க வேண்டும். அங்கே வெள்ளையாகப் படிந்திருந்தால், உங்கள் கிணற்று நீரில் கல்சியமும், அமிலத்தை ஈடுசெய்யும் இருகாபனேற்றும் தாராளமாக இருக்கின்றன. கிணறு வெட்டும்போது மணலோடு வரும் சிப்பித் துண்டுகள் கரைந்த நீர் அது. அக்குவாபோனிக்ஸ் என்பது மீன் தொட்டி நீரிலேயே, கல் நிரப்பிய தட்டில் பயிர் வளர்ப்பது. மீன், பற்றீரியா, பயிர் மூன்றும் ஒரே நீரில் வாழ வேண்டும் என்பதால், நீரின் அமில, கார அளவான பிஎச் 7ஐ ஒட்டி இருப்பது நல்லது என்பார்கள். அது சரிதான். ஆனால் அந்த எண்ணை முதல் நாளே பிடிக்க ஓடுவதில்தான் நம் பக்கத்து ஆட்கள் மீனை இழக்கிறார்கள்.

முதலில் அளக்கும் முறையே பிழைத்துவிடுகிறது. கிணற்றிலிருந்து அள்ளிய உடனே அளந்தால் பிஎச் 7.2 என்று காட்டும், மனம் குளிர்ந்துவிடும். நிலத்தடி நீரில் காபனீரொட்சைட்டு கரைந்திருப்பதால் வரும் எண் அது. ஒரு வாளி நீரில் காற்றுப் பம்பைப் போட்டு ஒரு நாள் ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். வாயு வெளியேறியதும் 7.8, 8 என்று ஏறிவிடும். தொட்டியில் உங்கள் மீன் வாழப்போவது இந்த இரண்டாவது நீரில்தான்.

அதைப் பார்த்துப் பயந்து பலர் தேசிக்காய் பிழிகிறார்கள், சிலர் வினாகிரி ஊற்றுகிறார்கள். மாலையில் பிஎச் இறங்கும், இரண்டொரு நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடும். அந்த அமிலங்களைப் பற்றீரியாக்கள் உணவாகத் தின்று தீர்க்கும்போது இருகாபனேற்று திரும்ப உருவாகிவிடுகிறது. தின்னும் வேலைக்கு நீரிலுள்ள ஒட்சிசனும் செலவாகிறது. மறுபடி பிழிகிறார்கள், மறுபடி ஏறுகிறது. நிலையான 7.8ஐத் திலாப்பியா தாங்கும். தினமும் ஏறி இறங்கும் நீரை மீனும் தாங்காது, பற்றீரியாவும் தாங்காது. குறைத்தே ஆக வேண்டுமென்றால் கூரையில் பிடித்த மழைநீரைக் கிணற்று நீரோடு கலந்து, தனிப் பரலில் ஒரு நாள் காற்றூட்டி, அளந்த பிறகு தொட்டிக்கு எடுங்கள். மீன் இருக்கும் தொட்டிக்குள் நேரடியாக எந்த அமிலத்தையும் ஊற்ற வேண்டாம்.

வினாகிரிக்கு வேறு ஒரு நல்ல பயன் உண்டு. பயிர்த் தட்டுக்கு வாங்கும் கல்லில் ஒரு கைப்பிடியை எடுத்து அதில் வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல் அல்லது சிப்பி. அதைப் போட்டால் பிஎச் இறங்கவே விடாது. கழுவிய கருங்கல் சல்லி நுரைக்காது. புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியும் இதே தொல்லையைத் தரும். பல தடவை நீர் நிரப்பி, ஊறவிட்டு, வெளியேற்றிய பிறகே பயன்படுத்துங்கள்.

இனி மீனைக் கொல்லும் பெரிய தவறுக்கு வருகிறேன். தொட்டி நிறைந்த அன்றே குஞ்சுகளை விடுவது. மீனின் செவுளிலிருந்து அமோனியா வெளியாகிறது. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதைப் பயிர் எடுக்கும் நைத்திரேற்றாக மாற்றும். புதுத் தொட்டியில் இரண்டுமே போதிய அளவில் இல்லை. இங்கே பிஎச்சும் சேர்ந்துகொள்கிறது. 30 பாகை வெப்பநிலையில் பிஎச் 7ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்குதான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8இல் அது ஏழுக்கும் மேல். அதாவது சோதனைக் குழாயில் உங்களுக்கும் பிஎச் குறைந்த நீருள்ள மலைநாட்டில் இருப்பவருக்கும் ஒரே நிறம் வந்தாலும், ஆபத்து உங்கள் தொட்டியில்தான் அதிகம்.

மீன் இல்லாமலே பற்றீரியாவை வளர்க்கலாம். இறால் கோதைத் துணியில் கட்டித் தொட்டியில் தொங்கவிடுங்கள், அது அழுகி அமோனியா தரும். ஒரு லீற்றருக்கு 2 முதல் 3 மில்லிகிராம் வரை வந்தால் போதும், அதற்கு மேல் போனால் கோதை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி யாரிடமாவது இருந்தால் இரண்டு கை கல் கேட்டு வாங்கிப் போடுங்கள், நாட்கள் குறையும். பொதுவாக மூன்று முதல் ஆறு கிழமை ஆகும்.

இந்த இடைவெளியில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டாவது கிழமையளவில் அமோனியா மளமளவென்று இறங்கும். "சரி, தண்ணி பழகிட்டு" என்று மீனை விட்டுவிடுவார்கள். அப்போதுதான் நைத்திரைற்று உச்சத்தில் இருக்கும். நைத்திரைற்று மீனின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க விடாது. காற்றுப் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க மீன் மேலே வந்து வாய் பிளக்கும், செவுள் கபில நிறமாகும். சேர்த்த அமோனியாவும் அதிலிருந்து வந்த நைத்திரைற்றும் இரண்டுமே ஒரு நாளுக்குள் பூச்சியத்துக்கு வந்து, நைத்திரேற்று ஏறியிருந்தால் மட்டும் மீனை விடுங்கள். விட்ட பிறகும் சில குஞ்சுகள், கொஞ்சத் தீன். இரண்டில் எது லீற்றருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினாலும் தீனை நிறுத்திவிட்டு நீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும்.

குழாய் நீர் பயன்படுத்துபவர்கள் குளோரீனை மறக்கக் கூடாது. திறந்த பரலில் ஒன்றிரண்டு நாள் காற்றூட்டிய பிறகே ஊற்றுங்கள்.

இலை மஞ்சளானதும் யூரியாவைத் தூவுவது நம் வயல் பழக்கம். இங்கே அது வேண்டவே வேண்டாம். யூரியா நீரில் அமோனியாவாக மாறும். மஞ்சளைக் கூர்ந்து பாருங்கள். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறைபாடு. பிஎச் கூடிய நீரில் இரும்பு இருந்தும் பயிரால் எடுக்க முடியாது. அதற்குக் கொடுக்கிணைப்பு இரும்பு (chelated iron) என்று விற்கும் உரத்தை, லீற்றருக்கு 2 மில்லிகிராம் இரும்பு கிடைக்கும் கணக்கில் போட்டால் போதும். வாங்கும்போது உங்கள் பிஎச்சைச் சொல்லிக் கேளுங்கள், அந்த உரத்தின் சில வகைகள் 7.5க்கு மேல் வேலை செய்யாது.

கச்சான் என்னும் வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் நீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியில் தங்கிவிடும். குறைந்த அளவுக்குச் சவர்க் கிணற்று நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் கிழமைக்குக் கிழமை உப்பு கூடும். திலாப்பியா ஒன்றும் சொல்லாது. போஞ்சியும் சலாதும் முதலில் இலை நுனி கருகிக் காட்டும். இதற்காகவே மாரியில் பிடித்த மழைநீரை ஒரு தாங்கியில் சேமித்து வைக்கச் சொல்வேன். தொட்டிக்கு நிழலும் மூடியும் இருந்தால் ஆவியாவதும் குறையும், பாசியும் பிடிக்காது.

மாரி வந்ததும் நிலைமை தலைகீழாகும். அமோனியா நைத்திரேற்றாக மாறும் வேலையே அமிலத்தை உண்டாக்கும். ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசனுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான காரத்தன்மை, அதாவது அமிலத்தை ஈடுசெய்யும் கையிருப்பு, செலவாகும். வெறும் மழைநீரில் அந்தக் கையிருப்பு இல்லை. எனவே மழைநீர் மட்டும் நிரம்பிய தொட்டியில் பிஎச் பல நாள் அசையாமல் நின்று, பிறகு திடீரென்று 6க்குக் கீழே விழும். அங்கே பற்றீரியா சோர்ந்து, அமோனியா மறுபடி ஏறும். மாரியில் கிழமைக்கு இரண்டு தடவையாவது, ஒரே நேரத்தில், காலையில் பிஎச்சை அளந்து பாருங்கள். 6.5ஐ நெருங்கினால் கிணற்று நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். இல்லையென்றால் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளை நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பு நீக்கி, வலைப் பையில் கட்டி, நீர் விழும் இடத்தில் தொங்கவிடுங்கள். நீர் அமிலமாகும்போது சிப்பி கரையும், 7ஐத் தாண்டியதும் கரைவது மிகவும் குறைந்துவிடும். கச்சானில் அந்தப் பையை எடுத்துக் காயவைத்துவிடுங்கள்.