கேப் ராத் நடைக்குக் கிளம்பும் முன்...

ஸ்காட்லாந்தின் வடமேற்கு நுனியில் இருக்கும் கேப் ராத்துக்கு நடந்து போக நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வானிலையை அல்ல, ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சி அட்டவணையைத்தான். முனையைச் சுற்றியுள்ள நிலம் பயிற்சிக் களம். சிவப்புக் கொடி பறந்தால், இரவில் சிவப்பு விளக்கு எரிந்தால், உள்ளே போகவே கூடாது.

நடை தொடங்கும் பிளேர்மோர் என்ற சிற்றூரிலிருந்து சாண்ட்வுட் கடற்கரை வரை ஆறரை கிலோமீட்டர், நல்ல பாதை. அதற்கு அப்புறம் கேப் ராத் முனையில் 1828-இல் கட்டிய கலங்கரை விளக்கம் வரை பாதை என்று ஒன்று கிடையாது, சதுப்பும் புல்லும்தான், ஒரு மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் நடந்தாலே பெரிய விஷயம். வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்கட்டும், போன் சிக்னலை நம்ப வேண்டாம்.

நடுவே ஓடைகள் வரும். தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருப்பதால் அடி தெரியாது, பயப்படாதீர்கள், அது கரிமண்ணின் சாயம்தான். ஆனால் முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் இறங்காதீர்கள். மழை விட்டுச் சில மணி நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் வடிந்துவிடும். கடக்கும்போது பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழலாம். ஷூவைக் கழற்றாமலே இறங்குங்கள்.

திரும்பும்போது டர்னஸ் ஊர்ப் பக்கம் கடக்க உதவும் படகு காற்று பலமாக இருந்தால் ஓடாது. அதனால் ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், சரியா?